மஞ்சப்பையில் ஒரு பிறை

அந்த மின்னஞ்சலைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். செங்கம் சாலையில் இருந்த பிரவுசிங் சென்டர் அது. பக்கத்து நாற்காலியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரில் இருக்கும் மகளோடு பேசிக்கொண்டிருந்த வெள்ளைக்காரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். நானும் என் நாத்தனாரும் விளக்குத் திரி விற்றுக்கொண்டிருந்தோம். பஞ்சில் திரித்த பூத்திரி, நூல் திரி. அவற்றைப் பாக்கெட்டில் போட்டு, மலையும் அதன் உச்சியில் தீபமும் இருக்கும் படம் ஒன்றை மஞ்சள் தாளில் அச்சடித்து மேலே ஒட்டி, இன்டர்நெட்டில் இருந்த ஒரு சந்தையில் போட்டோ போட்டு விற்றோம். அந்தப் படம் தங்களுடைய டிரேட்மார்க் என்று, வெளியூரில் கற்பூரமும் ஊதுபத்தியும் திரியும் விற்கிற ஒரு கம்பெனி புகார் கொடுத்திருந்தது. புகார் வந்த கையோடு சந்தைக்காரர்கள் எங்கள் பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். கணக்கையும் பூட்டிவிட்டார்கள். புகார் தீரும் வரை புதிதாக எதையும் விற்க முடியாது, வேண்டுமானால் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்று மின்னஞ்சல் சொன்னது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கொல்லைக் கதவைத் திறந்தால் மலை தெரிகிற வீடு எங்களுடையது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டியே இருக்கிறோம். அந்த மலையின் படத்தை நாங்கள் போடக்கூடாது என்று எங்கோ ஒரு கம்பெனி சொல்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்று தெரியாமல் சென்டர்காரரிடம் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற லேபிள் ஒட்டி, உங்க வீட்டுக்காரர் பேர்ல புதுக் கணக்கு ஓபன் பண்ணிடுங்கக்கா" என்றார். புதுக் கணக்கில் எங்களுக்கு ஒரு நட்சத்திரம்கூட இருக்காது. வாங்கியவர்கள் பாராட்டி ஒவ்வொன்றாகக் கொடுத்த நட்சத்திரங்கள் அத்தனையும் பூட்டிய கணக்கில்தான் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் வாங்குவார்கள். அதோடு, ஒரே முகவரியில் இரண்டு கணக்கு வைத்தால் இரண்டையும் மூடிவிடுவோம் என்று அவர்கள் விதியிலேயே எழுதியிருந்தது.

பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் கோபம் இறங்கிப் பயம் ஏறியது. நாத்தனாரிடம் என்ன சொல்வேன்?

அவள் என் கணவரின் ஒரே தங்கை. கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்தார்கள். புருஷன் அடிப்பான். குடித்துவிட்டு அடித்தால் குடியைக் குற்றம் சொல்லலாம். அவன் குடிக்காமலே அடிப்பான். ஒரு நாள் வீங்கிய கையோடு, கட்டிய புடவையோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பக்கத்துப் பெரியவர்கள் சமாதானம் பேச வருவதும் போவதுமாக இருந்தார்கள். கடைசியாக வந்தபோது, "தீபம் முடியட்டும், நல்ல நாள் பார்த்து வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் கணவர் தலையாட்டிவிட்டார்.

அவருக்குத் தங்கை மேல் பாசம் இல்லாமல் இல்லை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் உதவியாளர். வார்த்தை அதிகம் பேசாத மனிதர். அன்று நான் பிடிபிடியென்று பிடித்தபோது, "அண்ணன் வீட்டுச் சோறு எத்தனை நாளைக்குனு நாலு பேர் கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்றது, நீயே சொல்லு" என்றார். அதற்கான பதிலைத்தான் நானும் நாத்தனாரும் பஞ்சில் திரித்துக்கொண்டிருந்தோம்.

ஆரம்பத்தில் அது வியாபாரமே இல்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிற கூட்டம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். நாத்தனார் ஒரு முக்காலியைப் போட்டு அதன் மேல் திரிக்கட்டுகளை அடுக்கி வைப்பாள். அவள் கைத்திரி ஒரே சீரான கனத்தில் இருக்கும், புகையாமல் நின்று எரியும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஓர் அம்மா வாங்கிப்போய், இன்னும் வேண்டும், தபாலில் அனுப்புவாயா என்று கேட்டு எழுதினார். நான் பி.காம் படித்தவள், டைப்ரைட்டிங்கில் ஹையர் வரை பாஸ் செய்தவள். அந்த அம்மாவுக்குப் பதில் எழுதப் போன இடத்தில்தான் சென்டர்காரர் இந்த இன்டர்நெட் சந்தையைக் காட்டினார். அப்புறம் மலேசியாவிலிருந்து ஆர்டர் வந்தது, லண்டனிலிருந்து வந்தது. எப்போதோ இங்கே வந்து தங்கிப்போன ஒரு ஜெர்மன்காரர், உங்கள் திரி அசையாமல் எரிகிறது என்று எழுதி நட்சத்திரம் கொடுத்தார். நான் டவுனிலிருந்து திரும்பினால் நாத்தனார் வாசலிலேயே மறித்துக்கொண்டு, "அண்ணி, இன்னிக்கு நட்சத்திரம் வந்துச்சுங்களா?" என்று கேட்பாள்.

எங்களுக்கு வருஷத்தில் ஒரே ஒரு அறுவடைதான், கார்த்திகை. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு மாதம் முன்பே வாங்கினால்தான் தபாலில் போய்ச் சேரும். அந்தக் கார்த்திகை நன்றாகப் போய்விட்டால், இவள் அண்ணன் சோற்றில் இல்லை, தன் கையால் சாப்பிடுகிறாள் என்று அந்த நாலு பேருக்கும் சொல்லிவிடலாம். போகாவிட்டால் தீபம் முடிந்ததும் கீழ்பென்னாத்தூர் பஸ்தான். புகார் வந்தது ஆயுத பூஜை முடிந்த வாரத்தில்.

சொன்னேன். அவள் திரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. "அப்ப அவ்ளோதாங்களா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

"என்னத்த அவ்ளோதான்? மேல்முறையீடு இருக்குதுடி. நான் விடுவேன்னு நெனச்சியா?" என்றேன். எப்படிச் செய்வது என்று எனக்கும் தெரியாது. ஆனால் அப்படிச் சொன்னதும் எனக்கே ஒரு வேகம் வந்துவிட்டது.

மேல்முறையீடு என்ற வார்த்தையைக் கேட்டதும் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவர் தொழில். திங்கள்கிழமை மனுநாளில் வருகிற ஜனங்களின் மனுக்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, தாளை மடித்து ஓரம் விட்டு, தானே வரைவு எழுதினார். 'மிகவும் மேன்மை தங்கிய ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்கு' என்று தொடங்கியது. நாங்கள் ஏழை விவசாயக் குடும்பம், மழை பொய்த்துவிட்டது, நிலக்கடலை காய் பிடிக்கவில்லை, வேறு ஜீவனம் கிடையாது, ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம் என்று முடிந்தது. அடியில் 'நகல்' என்று போட்டு, மேலே இருக்கிற அதிகாரிகளின் பதவிகளாக எழுதினார். அவர்களில் ஒருவருக்கும் நகல் போகப்போவதில்லை.

"எதுக்குங்க இது?" என்றேன்.

"போடணும். அப்பதான் பயப்படுவான்."

அதை அப்படியே இங்கிலீஷில் திருப்பி அடித்து அனுப்பினேன். 'மேன்மை தங்கிய' என்பதற்கும் 'தாழ்மையுடன்' என்பதற்கும் இங்கிலீஷ் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எங்கள் ஊரில் எதைக் கேட்பதென்றாலும் இப்படித்தான் கேட்போம். நியாயம் நம் பக்கம் இருந்தாலும் முதலில் ஏழ்மையைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் நியாயத்துக்கு வருவோம். இந்த மனுவில் நியாயத்துக்கு வருவதற்குள் தாளே முடிந்துவிட்டது.

பதில் சீக்கிரமே வந்தது. உங்கள் முறையீட்டில் புகாரைப் பற்றி எதுவுமே இல்லை, ஆகவே ஏற்க முடியாது. இந்தப் படம் தங்கள் ஓவியர் வரைந்தது, தொண்ணூற்றொன்பதிலிருந்து தங்கள் பெட்டியில் இருக்கிறது என்று புகார்தாரர் சொல்கிறார். அதற்கு முன்பே இந்தப் படம் புழக்கத்தில் இருந்தது என்பதற்குத் தேதியோடு ஆதாரம் இருந்தால் அனுப்பவும். இது மட்டும்தான் இருந்தது. கீழே அந்தக் கம்பெனிப் பெட்டியின் படம் இணைத்திருந்தார்கள்.

அதுவரை அவர்கள் படத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. மலை, தீபம், வேறென்ன இருக்கப்போகிறது என்று விட்டிருந்தேன். அன்று பெரிதாக்கிப் பார்த்தேன். மலை வந்தது. உச்சியில் சுடர் வந்தது. சுடருக்கு வலது பக்கம், கொஞ்சம் சாய்ந்தாற்போல், ஒரு பிறை வந்தது.

"அடப்பாவிங்களா!" என்று கத்திவிட்டேன். சென்டரில் அத்தனை பேரும் திரும்பினார்கள். "பிறையையும் சேர்த்து இல்ல காப்பி அடிச்சிருக்காங்க!"

இதைக் கேட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். மலையில் தீபம் ஏறும் மாலையில் கிழக்கே முழு நிலா எழும்பி வரும். தீபத்துக்குப் பக்கத்தில் பிறை இருக்கவே முடியாது. ஆனால் எங்கள் டவுனில் தேரடிப் பக்கம் இருக்கிற ஒரு பிரஸ்காரர், எந்தக் காலத்திலோ இந்தப் படத்தை வரைந்தபோது, ஒரு பக்கம் காலியாக இருக்கிறதே என்று பிறையைப் போட்டுவிட்டார். கல்யாணப் பத்திரிகையிலிருந்து சோடா லேபிள் வரைக்கும் ஊரில் பாதி அச்சு அவருடையதுதான். எங்கள் திரி லேபிளும் அவர் அடித்ததுதான். "என்னா சார், தீபத்தன்னிக்கு உங்க பிரஸ்ல மட்டும் மூணாம் பிறையா?" என்று அவரைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அவர் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. சிவன் தலையில் பிறை இருக்கிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்பார்.

அந்தத் தப்புதான் அந்தக் கம்பெனிப் பெட்டியில் அப்படியே உட்கார்ந்திருந்தது, அதே பக்கத்தில், அதே சாய்வில். அவர்கள் ஓவியர் தானாக வரைந்தாராம்!

பிரிண்ட் எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். என் கையில் படத்தைப் பார்த்ததும் பிரஸ்காரர் முகம் சுருங்கியது. பிறையைப் பற்றிப் பேச இன்னொருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம பிறைதாம்மா! எவ்ளோ தூரம் போயிருக்குது பாரு!"

"சார், நான் அழுவுறேன், நீங்க சிரிக்கிறீங்க. தொண்ணூற்றொன்பதுக்கு முன்னாடி நீங்க அடிச்சதுக்கு ஏதாவது இருக்குதுங்களா? பழைய பிளாக், ஸ்கிரீன்?"

"ஸ்கிரீனைக் கழுவி அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுடுவோமேம்மா. சாம்பிள்லாம் கரையான் தின்னுடுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நான் ஜாஸ்தி அடிச்சது பேப்பர்ல இல்ல, துணியில. மஞ்சப்பை. உங்க ஊர்லயே வீட்டுக்கு நாலு இருக்கும், தேடிப் பாரு" என்றார்.

எனக்குப் பொட்டில் அடித்தது போல இருந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தேங்காய் வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கிற தாம்பூலப் பை! மேலே மலைப்படம், நடுவில் மணமக்கள் பெயர், அதன் கீழ் தேதி, அடியில் பொடி எழுத்தில் பிரஸ் பெயர். இதைவிட ஆதாரம் எவன் கொடுப்பான்? அதிலும் சாமி படம் போட்ட பையை எங்கள் பக்கம் தூக்கிப் போட மாட்டோம். சாதாரணப் பை கிழிந்தால் அடுப்படித் துணியாகும், அப்புறம் கால் துடைக்கிற துணியாகும். மலைப்படம் போட்ட பையில் காலைத் துடைக்க யாருக்கு மனசு வரும்? தூக்கிப் போடவும் முடியாது, துடைக்கவும் முடியாது. அதனால் அது ஆணியில் தொங்கும், அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கும், அதற்குள் இன்னும் பத்துப் பை திணித்து வைத்திருக்கும். இத்தனை வருஷம் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தோம்.

மறுநாள் காலையில் நானும் நாத்தனாரும் கிளம்பினோம். ஆளுக்கொரு தெரு. "அக்கா, உங்க கல்யாணப் பை இருக்குதா? மலை போட்டது, பிறை இருக்கணும்" என்று வாசலுக்கு வாசல் கேட்டோம். முதலில் சிரித்தவர்கள் விஷயம் தெரிந்ததும் பரணில் ஏறிவிட்டார்கள். மதியத்துக்குள் எங்களுக்கே தெரியாத தெருவிலிருந்தெல்லாம் பை வந்தது. நம்ம மலையை எவனோ பட்டா போட்டுக்கிட்டானாமே என்று ஒரு கிழவர் கம்பை ஊன்றிக்கொண்டு நேராகவே வந்து விசாரித்தார். எதிர்வீட்டம்மா எண்பத்தொன்பதில் நடந்த தன் கல்யாணத்துப் பையைக் கொண்டுவந்து நீட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக் கூடம் முழுக்க மஞ்சள்.

விரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றாக உதைத்தது. எதிர்வீட்டம்மா பையில் மலை இருந்தது, தேதி துவைத்துத் துவைத்துப் போயே போய்விட்டது. இன்னொன்றில் தேதி பளிச்சென்று இருந்தது, மலை இருந்த இடத்தில் புளிக்கறை. ஒரு பையில் எல்லாமே சரியாக இருந்தது, பிறை இருந்த இடத்தை மட்டும் எலி கடித்திருந்தது. எலிக்குக்கூட அந்தப் பிறை பிடிக்கவில்லை போல. சென்டர்காரர் தன் டிஜிட்டல் கேமராவில் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "நாம பார்த்தா மலை தெரியும். அவங்க பார்த்தா கறைதாங்கக்கா தெரியும்" என்றார்.

அன்று மாமியார் உட்பட வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை பை இருந்து என்ன பிரயோஜனம்? உபயோகித்த பை எல்லாம் வெளுத்துவிட்டது. உபயோகிக்காமல் பத்திரமாக வைக்க இது என்ன பட்டுப்புடவையா? இப்படி நான் புலம்பிக்கொண்டிருந்தபோது நாத்தனார் எழுந்து உள்ளே போனாள். படுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஏணியை இழுக்கிற சத்தம் கேட்டது.

பரணிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். கயிறு போட்டுக் கட்டியிருந்த தாம்பூலப் பைகள். அவளுடைய கல்யாணத்துப் பைகள். தொண்ணூற்றேழில், ஐப்பசியில் நடந்த கல்யாணம். அன்று விடாத மழை. ஏரி உடைந்து பஸ் நின்றுபோய், அழைத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. மிஞ்சிய பைகளை என் மாமியார் அப்படியே கட்டிப் பரணில் போட்டிருந்தார். ஒரு கை படவில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. மஞ்சள்கூட வெளுக்கவில்லை. மலை, சுடர், பிறை, அவள் பெயர், அவன் பெயர், தேதி, பிரஸ். எல்லாம் நேற்று அச்சடித்தது மாதிரி இருந்தது.

"இதுல தேதி நல்லாத் தெரியுதுங்களா அண்ணி?" என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. கத்த வெட்கமாகவும் இருந்தது. அவள் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயரைப் பார்த்ததும் என் மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னாத்துக்குடி அதைப் போய் எடுத்த?" என்றார்.

"பேரை மறைச்சிட்டு போட்டோ எடுக்கலாம்டி" என்றேன் நான்.

"வேணாம் அண்ணி. மறைச்சா சந்தேகப்படுவாங்க." பையைத் தரையில் வைத்து உள்ளங்கையால் சுருக்கத்தை நீவினாள். "கல்யாணம் நடந்தது நிஜம்தானே. இந்தப் பையாவது ஒண்ணுத்துக்கு உதவட்டும்."

என் கணவர் கதவருகே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போய் இஸ்திரிப் பெட்டியை எடுத்து வந்து பிளக்கில் செருகினார்.

இரண்டாவது முறையீட்டை நான் ஒருத்தியே எழுதினேன். கும்பிடு கிடையாது, ஏழ்மை கிடையாது, நகல் கிடையாது. இது தொண்ணூற்றேழில் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த பை, தேதியைப் பாருங்கள். கூடவே இருக்கிற மற்றப் பைகளையும் பாருங்கள், ஊர் முழுக்க இந்தப் படம் இருந்தது. இனி பிறையைப் பாருங்கள். தீபம் ஏற்றுவது பௌர்ணமியை ஒட்டி, அன்று வானத்தில் பிறை இருக்காது. இது எங்கள் ஊர் அச்சுக்காரர் ஒருவர் செய்த பிழை. உங்கள் புகார்தாரரின் ஓவியர் சொந்தமாக வரைந்தார் என்றால், அதே பிழையை, அதே இடத்தில், அதே சாய்வில் அவர் எப்படிச் செய்தார் என்று தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். இவ்வளவுதான். என் கணவர் வாங்கிப் படித்தார். "ஒரு வணக்கம்கூடப் போடலயே" என்றார். "போடல" என்றேன். "சரியாத்தான் இருக்குது" என்று திருப்பிக் கொடுத்தார்.

பிரஸ்காரரிடமும் ஒரு வாக்குமூலம் வாங்க வேண்டியிருந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டோம். படத்தை வரைந்தது நான் என்று எழுதச் சொன்னால் சந்தோஷமாக எழுதினார். பிறை தப்பு என்று எழுதச் சொன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஊரே சேர்ந்து கேட்டும் ஒப்புக்கொள்ளாத மனிதர். நான் கெஞ்சிப் பார்த்தேன், அதட்டியும் பார்த்தேன். கடைசியில் நாத்தனார்தான், "சார், அது தப்பா இருந்ததாலதான் நான் இன்னிக்குப் பிழைக்கப் போறேன்" என்றாள். அவர் பேனாவைத் திறந்து, பிறையைத் தவறுதலாக வரைந்தது அடியேன்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"வெளியூர்க்காரனுக்கு மட்டும் அனுப்பும்மா. இங்க ஒருத்தன் கண்ணுல காட்டாத" என்றார். இன்றுவரை காட்டவில்லை.

அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். தினமும் டவுனுக்குப் போவேன், ஒன்றும் இருக்காது. ஐப்பசி பாதி ஓடிவிட்டது. நாத்தனார் மட்டும் விடாமல் திரித்துக்கொண்டிருந்தாள், விற்குமா விற்காதா என்று தெரியாத திரி. ஒரு நாள் சென்டருக்குள் நுழையும்போதே, என் பாஸ்வேர்டு தெரிந்த சென்டர்காரர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சீக்கிரம் பாருங்கக்கா, தலைப்புல கங்கிராஜுலேஷன்ஸ் மாதிரி என்னமோ தெரிஞ்சுது" என்றார். கங்கிராஜுலேஷன்ஸ் எல்லாம் இல்லை. புகார்தாரர் தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார், உங்கள் பக்கம் மீண்டும் திறக்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி. பிறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கே பேசுவார்கள்? நான் படித்தேன், திரும்பப் படித்தேன், சென்டர்காரரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். அப்புறம் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஆட்டோவில் ஏறிவிட்டேன். வாசலில் மறித்தவளிடம் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் குதித்து நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மூச்சு வாங்குகிறது. ஆர்டர் மேல் ஆர்டர். பை கொடுத்த வீட்டுப் பெண்களே திரிக்கவும் வந்து உட்கார்ந்தார்கள். கூடத்தில் நடக்க இடமில்லை, சாம்பாரில்கூடப் பஞ்சு மிதந்தது. தபால் ஆபீஸில் எங்களைக் கண்டாலே சாப்பாட்டு நேரம் என்று பலகையைத் திருப்பி வைக்கப் பார்த்தார்கள். எந்த நாட்டில் எந்த ஊருக்குத் திரி போகிறது என்று நாத்தனார் ஊர்ப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தாள். தீபத்தன்று மலையில் ஜோதி ஏறியபோது ஊரே கும்பிட்டது. அவள் கும்பிட்டுவிட்டு, "இந்நேரம் மலேசியாவுல நம்ம திரி எரியுதுங்க அண்ணி" என்றாள்.

தீபம் முடிந்த வாரத்தில், சொன்னபடியே கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார்கள். அவள் புருஷனின் பெரியப்பாவும் கூட இரண்டு பேரும். காப்பி கொடுத்தேன். நாள் நன்றாக இருக்கிறது, பெண்ணை அனுப்பி வையுங்கள் என்று பெரியப்பா ஆரம்பித்தார். உள்ளே பார்சல் கட்டிக்கொண்டிருந்த நாத்தனார் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். புடவையெல்லாம் பஞ்சு.

"நான் வரலீங்க" என்றாள்.

பெரியப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை. என் கணவரைத்தான் பார்த்தார். "பொம்பளைங்க ஆயிரம் சொல்லுவாங்க. தம்பி, நீங்க சொல்லுங்க. உங்க வார்த்தைதான் எங்களுக்கு."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் மட்டும் இப்போது தலையாட்டினால் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவளுக்கு லீவு கிடைக்காதுங்க" என்றார்.

"லீவா?"

"ஆமாங்க. அவ வேலையில இருக்கிறா. வெளிநாட்டுக்குச் சரக்குப் போவணும். நெனச்ச நேரத்துல விட்டுட்டு வர முடியாதுங்க."

"எப்பதான் கிடைக்கும்?"

"கிடைக்காதுங்க." ஆபீஸில் மனுவைத் திருப்பிக் கொடுக்கும்போது இருக்கிற குரல் அது. மரியாதை குறையாத குரல். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. பெரியப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர்களை வழியனுப்ப என் கணவர் பஸ் நிறுத்தம் வரை போனார். நாத்தனார் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வீங்கிய கையோடு வந்த அன்றுகூட அழாதவள், அன்று சத்தம் போட்டு அழுதாள். "அண்ணி, எனக்கு வேலை இருக்குதுனு வெளியாளுங்க முன்னாடி அண்ணன் சொன்னாரு, கேட்டீங்களா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். கேட்டேன் என்றேன். நானும் அழுதுகொண்டிருந்தேன்.

போனவர் திரும்பி வந்தார். எங்கள் இருவரையும் பார்த்தும் பார்க்காதது போல வண்டிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். "பார்சல்லாம் கட்டியாச்சாம்மா?" என்று தங்கையைக் கேட்டார். "தபால் ஆபீஸ் மூடிடுவான்."